நாய்முடி சொன்ன சாட்சி!

மனிதன் பொய் சொல்லுவான். தடயம் பொய் சொல்லாது என்பார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தடயம் தானாக வாய் திறந்து பேசுவதில்லையே! அதற்காகப் பேசுகிறவனும் மனிதன்தானே! அவன் கூண்டேறி நின்று, "விஞ்ஞானம் கூறுகிறது" என்று தொடங்கிவிட்டால், எதிர்க்கேள்வி கேட்கப் பலருக்கும் துணிவு வருவதில்லை. அவன் கூறுவது விஞ்ஞானந்தானா? இதைத்தான் நாம் கேட்கிறோம்.

அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில், 1978-ஆம் ஆண்டு, டாக்சி ஓட்டுநர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலைகாரன் முகமூடியாக அணிந்த காலுறை கிடைத்தது. அதில் 13 முடிகள் இருந்தன. 17 வயதுக் கறுப்பின இளைஞன் ஒருவன்மீது வழக்குத் தொடுத்தனர். அன்றிரவு அவன் வீட்டில்தான் தூங்கினான் என்று வீட்டார் சாட்சி சொன்னார்கள். ஏழை வீட்டார் சொல் எடுபடுமா? எஃப்.பி.ஐ. நிபுணர் நுண்ணோக்கியில் பார்த்து, ஒரு முடி அவன் முடியோடு ஒத்திருக்கிறது என்றார். அது வேறொருவன் முடியாக இருக்கக் கோடியில் ஒரு வாய்ப்புத்தான் இருக்கும் என்று சர்க்கார் வக்கீல் மெருகேற்றினார். 1980-இல் அவன் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று.

2012-இல் அந்த முடிகளை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு என்ன தெரியுமா, தோழர்களே? 13 முடிகளில் ஒன்றுகூட அவனுடையதல்ல! அவற்றில் ஒன்று மனித முடியே அல்ல, நாயின் முடி! கோடிக்கணக்குப் பேசியவர்களுக்கு, மனித முடிக்கும் நாய் முடிக்கும் வேற்றுமை தெரியவில்லை. அதற்குள் அந்த இளைஞன் மொத்தம் 28 ஆண்டுகளைச் சிறையில் தொலைத்துவிட்டான். ஐம்பது வயது கடந்த பிறகு, நீ நிரபராதி என்றார்கள். இளமையை யார் திருப்பிக் கொடுப்பது?

இது யாரோ ஒரு நிபுணரின் தவறு என்று தள்ளிவிட முடியாது. 2015-இல் அமெரிக்க நீதித்துறையும் எஃப்.பி.ஐ.யும் தாங்களே கணக்கை வெளியிட்டன. முடிச் சாட்சியம் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்பட்ட 268 வழக்குகளை ஆராய்ந்ததில், 257 வழக்குகளில் நிபுணர் சாட்சியம் பிழையானது. அவற்றுள் 33 வழக்குகளில் மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. 9 பேர் உயிர் ஏற்கெனவே பறிக்கப்பட்டுவிட்டது. அவர்கள் அனைவரும் நிரபராதிகள் என்று நாம் சொல்லவில்லை. வேறு சாட்சியங்களும் இருந்திருக்கலாம். ஆனால் உயிரை எடுக்கும் தராசில் பொய்ப் படிக்கல்லும் கிடந்தது என்பது மறுக்க முடியாத உண்மை.

கைரேகையாவது தப்பாதா என்பீர்கள். 2004 மார்ச்சில் மாட்ரிட் நகர ரயில்களில் குண்டு வெடித்தது. ஒரு பையில் கிடைத்த ரேகை, அமெரிக்காவின் ஆரிகன் மாநில வக்கீல் ஒருவருடையது என்று எஃப்.பி.ஐ. நிபுணர்கள் அடித்துச் சொன்னார்கள். அவரைச் சிறையிலும் வைத்தார்கள். அது வேறொருவர் ரேகை என்று ஸ்பெயின் போலீஸ் கண்டறிந்தது. எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது. அவர் வக்கீல், வழி தெரிந்தவர். கூலித் தொழிலாளி அகப்பட்டிருந்தால்?

விஞ்ஞானத்தை நாம் குறை கூறவில்லை. அந்த இளைஞனை மீட்டதே மரபணு விஞ்ஞானந்தான். மெய்யான விஞ்ஞானம், "இந்த முறை நூற்றுக்கு எத்தனை தடவை தவறும்" என்று தானே அளந்து சொல்லும். போலி விஞ்ஞானம், "நான் நிபுணன், நம்பு" என்னும். மரபணுச் சோதனை தவிர மற்றத் தடய முறைகள், ஒரு தடயம் இன்னாருடையதுதான் என்று உறுதியாகக் காட்டக்கூடியவையாக நிரூபிக்கப்படவில்லை என்று, 2009-இல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றக் குழுவே அறிவித்தது.

நமக்கேன் அமெரிக்கக் கதை என்று எண்ண வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்திற்குச் செல்ல வேண்டும் என்கிறது. மாநிலங்கள் நடைமுறைப்படுத்த 5 ஆண்டு அவகாசமும் தந்திருக்கிறது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் அதே சட்டம், பழைய சட்டத்தைப் போலவே, சர்க்கார் விஞ்ஞான நிபுணரின் அறிக்கையை, அவர் கூண்டேறாமலேயே சாட்சியமாக ஏற்க இடமளிக்கிறது. நீதிமன்றம் விரும்பினால் அவரை அழைக்கலாம். பணக்காரனுக்கு அழைக்கச் சொல்லி வாதாட வக்கீல் உண்டு. மறுத்துரைக்கச் சொந்த நிபுணரும் உண்டு. ஏழைக்கு யார் உண்டு?

ஆகவே நாம் கேட்பது மூன்று: நிபுணர் கூண்டுக்கு வரட்டும். தம் முறையின் பிழையளவைச் சொல்லட்டும். ஏழைக்கும் தனி நிபுணரைச் சர்க்கார் செலவில் தரட்டும்.

கடைக்காரன் படிக்கல்லில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துத்தான் நாம் அரிசி வாங்குகிறோம். மனிதன் வாழ்வை நிறுக்கும் தராசுக்கு முத்திரை எங்கே? கேட்போம், தோழர்களே!