இன்றைய பூட்டும் நாளைய சாவியும்

பள்ளிக்குச் செல்லும் மகனை அழைத்து, 53ஐ 61ஆல் பெருக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்தில் 3,233 என்று விடை தந்துவிடுவான். அடுத்து மகளை அழைத்து, 3,233 என்ற எண்ணை மட்டும் கொடுத்து, “எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் இது கிடைக்கும்?” என்று கேளுங்கள். அவள் 3ஆல் வகுத்துப் பார்ப்பாள். 7ஆல் வகுத்துப் பார்ப்பாள். 11, 13, 17 என்று ஒவ்வொன்றாக முயல்வாள். தாள் நிரம்பிய பிறகே விடை அகப்படும். பெருக்குவது எளிது, பெருக்கி வந்ததைப் பிரிப்பது கடினம்.

இது பிள்ளைகளின் வீட்டுப்பாடம் மட்டுமன்று. வங்கியில் உள்ள நம் கணக்கும், மருத்துவமனையில் உள்ள நம் நோய்க் குறிப்பும், கைப்பேசி வழியே நாம் அனுப்பும் செய்தியும் பிறர் கண்ணில் படாமல் காக்கப்படுவது இத்தகைய கடினமான கணக்குகளால்தான். அந்தக் கணக்கை எளிதாக்கிவிடக் கூடிய ஓர் இயந்திரத்தை உருவாக்க உலகின் பல ஆய்வுக்கூடங்கள் முயன்று வருகின்றன. அதுவே குவாண்டம் கம்ப்யூட்டர். அதைக் கண்டு நாம் அஞ்ச வேண்டுமா? அல்லது அசட்டையாக இருந்துவிடலாமா? இரண்டும் தவறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

எண்களால் ஆன பூட்டு

அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டுகளை நாம் அறிவோம். ஒரு வணிகர் இத்தகைய பூட்டுகளைத் திறந்த நிலையில் ஊரெங்கும் கொடுத்து வைக்கிறார் எனக் கொள்வோம். யார் வேண்டுமானாலும் தம் கடிதத்தைப் பெட்டியில் இட்டு, அப்பூட்டை அழுத்தி அவருக்கு அனுப்பலாம். திறக்கும் சாவியோ அவரிடம் மட்டுமே இருக்கிறது. வழியில் பெட்டியைக் கைப்பற்றுபவன் அதனால் பயனடைய மாட்டான்.

இந்தப் பூட்டை எண்களால் செய்து காட்டியவர்கள் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் என்னும் மூவர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1977ஆம் ஆண்டு அவர்கள் இதை அமைத்தனர். இரு பெரிய பகா எண்களைப் பெருக்கி வரும் எண்ணே பூட்டு. அதை உலகறிய வெளியிடலாம். பெருக்கப்பட்ட அந்த இரு எண்களே சாவி.

அதே ஆண்டு, 129 இலக்கங்கள் கொண்ட ஓர் எண் அமெரிக்க அறிவியல் இதழொன்றில் வெளியாயிற்று. அதைப் பிரித்துக் காட்டுவோருக்கு 100 டாலர் பரிசு. பதினேழு ஆண்டுகள் எவராலும் இயலவில்லை. 1994ஆம் ஆண்டு, ஏறத்தாழ 600 தொண்டர்கள் 1,600 கம்ப்யூட்டர்களைக் கொண்டு எட்டு மாதம் உழைத்து விடை கண்டனர். இன்று பரவலாக வழங்கும் எண்ணோ 617 இலக்கங்கள் உடையது. சாதாரணக் கம்ப்யூட்டர்கள் எத்தனை கூடினாலும், இன்று அறியப்பட்ட வழிகளால் அதைப் பிரித்துவிட முடியாது.

அலைகளின் கணக்கு

அந்த 1994ஆம் ஆண்டிலேயே மற்றொன்றும் நிகழ்ந்தது. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பீட்டர் ஷோர் என்ற கணித அறிஞர், குவாண்டம் கம்ப்யூட்டர் என்று ஒன்று உருவானால் இப்பூட்டைத் திறந்துவிடலாம் எனத் தாளில் நிறுவினார். அணுவின் உலகத்தைக் கணக்கிட அணுவின் இயல்புகளாலேயே இயங்கும் இயந்திரம் வேண்டும் என்று இயற்பியல் அறிஞர் ரிச்சர்டு ஃபெயின்மன் 1981இல் ஆற்றிய உரை, இத்துறைக்கு முன்பே வழி திறந்திருந்தது.

சாதாரணக் கம்ப்யூட்டரின் உள்ளே இருப்பவை விளக்கின் சுவிட்சைப் போன்றவை: ஒன்று ‘0’, அல்லது ‘1’. குவாண்டம் கம்ப்யூட்டரின் அடிப்படை அலகுக்குக் கியூபிட் என்று பெயர். அளந்து பார்க்கும் வரை அது 0, 1 இரண்டும் கலந்த நிலையில் நிற்கும். அளந்தவுடன் ஏதேனும் ஒன்றாகிவிடும். இதனால் அது எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் கண்டுவிடும் என்று பலர் கூறுவர். அது சரியன்று. அளக்கும்போது கிடைப்பது ஒரே விடைதான்.

அப்படியானால் அதன் வலிமை எங்கே? குளத்தில் இரு கற்களை எறிந்து பாருங்கள். ஓர் அலையின் மேடு மற்றோர் அலையின் மேட்டோடு சேரும் இடத்தில் நீர் உயரும். மேடும் பள்ளமும் சேரும் இடத்தில் இரண்டும் அடங்கிவிடும். கியூபிட்டுகளும் அலைகளைப் போலவே கூடியும் குறைந்தும் நடக்கின்றன. தவறான விடைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளவும், சரியான விடை ஓங்கி நிற்கவும் கணக்கை அமைப்பதே கலை.

ஷோர் செய்தது இதுதான். 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வோர் எண்ணையும் 15ஆல் வகுத்து மீதியை எழுதுங்கள்: 2, 4, 8, 1, மீண்டும் 2, 4, 8, 1. நான்கு அடிக்கு ஒரு முறை தாளம் திரும்புகிறது. நான்கில் பாதி இரண்டு. இரண்டு இரண்டைப் பெருக்கினால் 4. அதில் ஒன்று குறைத்தால் 3. ஒன்று கூட்டினால் 5. மூவைந்து பதினைந்து! பிரிக்க வேண்டிய எண் பெரிதாகும்போது இந்தத் தாளத்தைக் கண்டுபிடிப்பது சாதாரணக் கம்ப்யூட்டருக்கு இயலாத செயல். தாளம் அறிவதில் அலைகளோ வல்லவை.

இன்றைய நிலை

2001ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவன ஆய்வாளர்கள் ஏழு கியூபிட்டுகளைக் கொண்டு 15ஐ 3, 5 எனப் பிரித்துக் காட்டினர். பிள்ளை செய்யும் கணக்குதான். ஆயினும் வழி உண்மை என்பது உறுதியாயிற்று.

பெரிய எண்ணுக்கு ஏன் இன்னும் போக முடியவில்லை? கியூபிட் மிக மென்மையானது. சிறு வெப்பமும் சிறு அதிர்வும் அதன் கணக்கைக் கெடுத்துவிடும். ஆகவே, சில வகை இயந்திரங்களை விண்வெளியை விடக் குளிர்ந்த பெட்டிக்குள் வைக்கின்றனர். அப்போதும் பிழைகள் நேர்கின்றன. அவற்றைத் திருத்துவதற்கென்றே ஏராளமான கியூபிட்டுகள் தேவை. 2024 டிசம்பரில் கூகுள் வெளியிட்ட வில்லோ என்ற சில்லில் இருந்தவை 105 மட்டுமே.

617 இலக்கப் பூட்டைத் திறக்க ஏறத்தாழ 2 கோடி கியூபிட்டுகள் வேண்டும் என்பது 2019ஆம் ஆண்டின் மதிப்பீடு. 2025இல் வந்த புதிய மதிப்பீடு 10 லட்சத்துக்கும் குறைவானவை போதும் என்கிறது. இயந்திரம் வளர்கிறது, அதற்கு வேண்டிய அளவோ சுருங்குகிறது. அறிஞர்களின் கவலைக்கு இதுவே காரணம்.

இன்று திருடி நாளை திறப்பவர்

“அந்த இயந்திரம் வரும்போது பார்த்துக்கொள்ளலாமே” எனச் சிலர் வினவலாம். இங்கேதான் உண்மையான ஆபத்து ஒளிந்திருக்கிறது. பெட்டியைத் திறக்க முடியாத திருடன் அதை எறிந்துவிட வேண்டியதில்லை. பூட்டியபடியே தன் கிடங்கில் அடுக்கி வைத்து, சாவி கிடைக்கும் நாளுக்காகக் காத்திருக்கலாம்.

வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண் சில நிமிடங்களில் பயனற்றுப்போகும்; அதை இருபது ஆண்டு கழித்துத் திறந்து பயனில்லை. ஆனால், ஒரு குழந்தையின் பரம்பரை நோய்க் குறிப்பு அக்குழந்தை முதுமை அடையும் வரை மறைபொருளாக இருக்க வேண்டியது. மருந்து நிறுவனத்தின் ஆய்வு முடிவுகளும், நாட்டின் பாதுகாப்பு ஏடுகளும் அத்தகையவையே.

இதற்குக் கனடா நாட்டு அறிஞர் மிஷேல் மோஸ்கா ஓர் எளிய அளவுகோல் தந்தார். ஒரு மறைபொருளை இருபது ஆண்டு காக்க வேண்டும். பூட்டுகளை மாற்றி முடிக்க ஏழு ஆண்டு ஆகும் எனக் கொள்வோம். இருபத்தேழு ஆண்டுகளுக்குள் அந்த இயந்திரம் வந்துவிடுமாயின், நாம் இப்போதே தாமதித்துவிட்டோம் என்பது பொருள்.

புதிய பூட்டுகள்

நல்ல செய்தியும் உண்டு. தாளம் என்ற பலவீனம் இல்லாத வேறு கணக்குகளால் பூட்டுச் செய்ய முடியும். அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் 2016இல் உலக அறிஞர்களை அழைத்தது. எட்டு ஆண்டு சோதனைக்குப் பின், 2024 ஆகஸ்டில் மூன்று தரங்களை வெளியிட்டது. இவை இன்றைய சாதாரணக் கம்ப்யூட்டர்களிலேயே இயங்குபவை.

சோதனை ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்று. போட்டியில் நெடுந்தூரம் வந்த ‘சைக்’ என்னும் முறையை 2022இல் இரு ஆய்வாளர்கள் ஒரு சாதாரணக் கம்ப்யூட்டரைக் கொண்டே சுமார் ஒரு மணி நேரத்தில் உடைத்தனர். ஆகவே, புதிய பூட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புதல் ஆகாது. தேவைப்பட்டால் மீண்டும் மாற்றத்தக்க விதமாய் அமைத்துக்கொள்வதே அறிவுடைமை.

செய்தி அனுப்பும் சிக்னல் செயலி 2023இலும், ஆப்பிள் நிறுவனத்தின் ஐமெசேஜ் 2024இலும் புதிய முறைக்கு மாறத் தொடங்கின. பிரிட்டன் தன் நிறுவனங்கள் 2035க்குள் மாறி முடிக்க வேண்டும் என்று காலவரை வகுத்துள்ளது. இந்திய அரசு 2023 ஏப்ரலில் சுமார் 6,000 கோடி ரூபாயில் தேசியக் குவாண்டம் திட்டத்திற்கு ஒப்புதல் தந்தது.

வணிகரும் குடும்பமும்

தொழில் நடத்துவோர் முதலில் செய்ய வேண்டியது கணக்கெடுப்பு. எந்த மறைபொருள் எங்கே உள்ளது, எத்தனை ஆண்டு காக்கப்பட வேண்டும், எந்தப் பூட்டால் காக்கப்படுகிறது என்று எழுதி வையுங்கள். மென்பொருள் தருபவரிடம், “புதிய தரத்திற்கு எப்போது மாறுவீர்கள்?” என்று கேளுங்கள். தேவையற்ற பழைய தகவல்களை அழித்துவிடுங்கள். இல்லாததைத் திருட முடியாது. புதிய மருந்தும் மின்கலமும் உரமும் காண இவ்வியந்திரம் உதவலாம் என்ற நம்பிக்கை உண்டு. ஆயினும், ‘குவாண்டம்’ என்ற பெயரை ஒட்டி விற்கப்படும் எல்லாவற்றிற்கும் பணத்தைக் கொட்டிவிடாதீர்கள்.

குடும்பங்களுக்கு ஒரு சொல். கைப்பேசியின் மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்துவந்தால், புதிய பூட்டு பெரும்பாலும் தானாகவே வந்து சேரும். ஆனால், தொலைபேசியில் இனிக்கப் பேசும் அந்நியனுக்கு ஓ.டி.பி. எண்ணைச் சொல்லிவிட்டால், எந்தப் பூட்டும் நம்மைக் காக்காது. அவன் பூட்டை உடைப்பதில்லை. சாவியை நம்மிடமே கேட்டு வாங்கிக்கொள்கிறான்.

இன்று 3,233ஐப் பிரிக்கத் திணறும் உங்கள் மகள் வளர்ந்து ஆளாகும் காலத்தில் அந்த இயந்திரம் வந்திருக்கக்கூடும். அவளைப் பற்றி இன்று நாம் எழுதி வைப்பவை அன்றும் அவளுக்கே உரியவையாக இருக்க வேண்டும். அதற்கான பூட்டை மாற்றும் பொறுப்பு இன்று பெரியவர்களாக இருக்கும் நம்முடையது.