டி அண்ட் டி: இங்கிலாந்துப் பள்ளிகளில் என்னதான் கற்பிக்கிறார்கள்?

இங்கிலாந்தில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தமிழ்ப் பெற்றோர் பலருக்கு, கால அட்டவணையில் ‘டி அண்ட் டி’ என்று வரும் பாடம் தச்சுவேலை வகுப்பாகவே தெரிகிறது. டிசைன் அண்ட் டெக்னாலஜி என்பதன் சுருக்கம் அது. பட்டறைக்குள் ரம்பமும் அரமும் துளையிடும் இயந்திரமும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் மதிப்பெண் எங்கே கிடைக்கிறது என்று பார்த்தால்தான் பாடம் புரியும்.

1988-ல் வந்த கல்விச் சீர்திருத்தச் சட்டத்தின் வழியே தேசியப் பாடத்திட்டம் உருவானது. 1990-ல் இந்தப் பாடம் அதில் கட்டாயமானது. அதற்கு முன் பையன்களுக்கு மரவேலை, உலோகவேலை, பெண்பிள்ளைகளுக்குச் சமையல், தையல் என்று பிரித்துவைத்த பள்ளிகள் ஏராளம். இந்த மாற்றத்துக்கு உழைத்தவர்களில் ஒருவர் மைக்கேல் ஐவ். வெள்ளி வேலை கற்றவர், அரசின் பள்ளி ஆய்வாளர். ஐபோன் வடிவமைப்புக்குத் தலைமை தாங்கிய ஜானி ஐவ் அவருடைய மகன்.

11 முதல் 14 வயது வரை அடித்தளம் போடும் காலம். மரம், பிளாஸ்டிக், துணி, உணவு என்று வகுப்புகள் சில வாரங்களுக்கு ஒருமுறை மாறிவரும். முடியைக் கட்டுவது, பாதுகாப்புக் கண்ணாடி போடுவது, அவசர நிறுத்தப் பொத்தான் எங்கே என்று தெரிந்துகொள்வது எல்லாம் இயந்திரத்தைத் தொடுவதற்கு முந்தைய பாடங்கள்.

16 வயதில் எழுதும் பொதுத்தேர்வான ஜிசிஎஸ்இ-யில் பாதி மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு, பாதி மாணவர் தாமே செய்யும் திட்டப்பணிக்கு. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1 அன்று தேர்வு வாரியங்கள் பொதுவான சில சூழல்களை அறிவிக்கும். ‘முதியோரின் அன்றாட வாழ்வு’ என்று ஒரு சூழல் வந்ததாக வைத்துக்கொள்வோம். மூட்டுவலியால் பாட்டிக்கு ஊறுகாய்ப் பாட்டிலைத் திறக்க முடியவில்லை என்பதை மாணவி கவனிக்கிறாள். பாட்டியின் கையை அளக்கிறாள், வரைகிறாள், அட்டையில் ஒரு மாதிரி செய்து கையில் கொடுத்துப் பார்க்கிறாள். பிடி மெல்லியதாக இருக்கிறது, வழுக்குகிறது. மாற்றுகிறாள். மறுபடி கொடுக்கிறாள். அதன் பிறகே மரத்திலோ அக்ரிலிக்கிலோ கை வைக்கிறாள். ஏக்யூஏ வாரியத்தின் திட்டப்பணிக்கான 100 மதிப்பெண்ணில் பொருளைச் செய்து முடிப்பதற்கு 20-தான். மீதி 80-ம் ஆராய்வதற்கும் யோசிப்பதற்கும் திருத்துவதற்கும் சோதித்து மதிப்பிடுவதற்கும்.

ஆசிரியருக்குக் கடினமான கட்டம் இதுதான். பிடி வழுக்கும் என்று அவருக்கு முன்பே தெரியும். ஆனாலும் சொல்லக்கூடாது, பொதுவான வழிகாட்டலுக்கு மேல் உதவத் தேர்வு விதி இடம் தராது. அதனால் முந்தைய ஆண்டுகளில் மாணவரின் கைக்கும் கண்ணுக்கும் எவ்வளவு பழக்கம் கொடுத்தார் என்பதில்தான் அவர் திறமை தெரியும்.

2004-ல் 14 வயதுக்கு மேல் இந்தப் பாடம் கட்டாயமில்லை என்றானது. பள்ளிகளை மதிப்பிட அரசு 2010-ல் அறிவித்த ‘இங்கிலிஷ் பாக்கலரியேட்’ பாடப் பட்டியலிலும் இதற்கு இடம் தரவில்லை. எடுப்பவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். ஆசிரியர் தட்டுப்பாடும் தீரவில்லை. இந்தப் பாடத்தை இப்படி ஒதுக்கியது பெரிய தவறு என்பதே என் கருத்து. தன் யோசனை தவறு என்று கண்டுபிடித்தவருக்கே மதிப்பெண் தரும் பாடங்கள் வேறு அதிகமில்லை.

பிள்ளை ஜிசிஎஸ்இ பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, “இதெல்லாம் எதற்கு?” என்று ஒதுக்கிவிடாதீர்கள். பள்ளிக்குப் போகும் அன்று பட்டறையையும் எட்டிப் பாருங்கள். முடிந்த பொருளோடு, அதற்கு முன் செய்து கைவிட்ட மாதிரிகளையும் காட்டச் சொல்லுங்கள்.