வகுப்பறையில் பறையும் திரையும்
இறையியல் கல்விக்கு மக்கள் கலை ஆற்றும் பணி

இறையியல் கல்லூரியில் வந்து சேரும் மாணவர் எவரும் வெறுங்கையோடு வருவதில்லை. சிற்றூர்த் திருவிழாக்களில் கேட்ட பாட்டும், துக்க வீட்டில் ஒலித்த ஒப்பாரியும், திரைப்படங்களில் மனப்பாடமான உரையாடல்களும், இன்று கைப்பேசியில் ஓயாது ஓடும் காட்சிகளும் அவரோடு கூடவே வருகின்றன. வகுப்பறை வாயிலில் அவற்றையெல்லாம் செருப்பைப் போல் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரும்படி நாம் நெடுங்காலம் எதிர்பார்த்தோம். மாணவரும் கழற்றி வைத்தனர். வெளியே போகும்போது மறவாமல் மாட்டிக்கொண்டும் போயினர். உள்ளே கற்றது ஒன்று, வெளியே வாழ்வது வேறொன்று என்ற பிளவு இங்ஙனம் உண்டாயிற்று. மக்கள் கலைகளையும் வெகுசனத் தொடர்புச் சாதனங்களையும் இறையியல் வகுப்பில் எடுத்தாளுவது தகுமா, தகுமெனின் எவ்வாறு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. திருமறை காட்டும் வழி

நம் ஆண்டவர் தம் காலத்து மக்களின் மனநிலையை விளக்க முற்பட்டபோது, சந்தைவெளியில் பிள்ளைகள் பாடி ஆடும் விளையாட்டையே எடுத்துக்கொண்டார் (மத்தேயு 11). தாவீதின் குற்றத்தை உணர்த்தச் சென்ற நாத்தான் நியாயப்பிரமாணத்தை எடுத்து வாசிக்கவில்லை. ஓர் ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிக் கதை சொன்னார் (2 சாமுவேல் 12). அத்தேனே நகரில் பவுலடியார் கிரேக்கப் புலவரின் அடியொன்றைத் தம் உரைக்குத் துணையாகக் கொண்டார் (அப்போஸ்தலர் 17). அப்புலவர் பாடியது சேயுசு என்னும் கிரேக்கத் தெய்வத்தைக் குறித்தேயாம். பவுலடியார் அதை அறியாதவரல்லர். ஆயினும் கேட்போர் நெஞ்சில் ஏற்கெனவே குடியிருந்த சொல்லை அவர் புறக்கணிக்கவில்லை, அப்படியே விட்டுவிடவுமில்லை. அதைத் தொடக்கமாகக் கொண்டு மனந்திரும்புதலின் அழைப்பில் கொண்டுபோய் நிறுத்தினார்.

சீர்திருத்தத் தந்தை லூத்தரைப் பற்றி ஒரு செய்தி ஈண்டு நினைக்கத்தக்கது. அவர் மதுக்கடைப் பாடல்களின் மெட்டுகளை ஆலயத்திற்குள் கொண்டுவந்தார் என்று பலர் மிகைபடக் கூறுவர். உறுதியாகச் சொல்லத்தக்கது இவ்வளவே: 1535 இல் வெளியான அவரது கிறிஸ்து பிறப்புப் பாடலொன்று, மக்களிடையே வழங்கிய விடுகதைப் பாட்டொன்றின் சாயலையும் மெட்டையும் தழுவி அமைந்தது, 1539 இல் அதே பாடல் புதியதோர் இராகத்துடன் வெளிவந்தது. எடுத்துக்கொள்ளவும் வேண்டும், எடுத்ததை மறுபடியும் சீர்தூக்கிப் பார்க்கவும் வேண்டும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

2. தஞ்சையின் பாடம்

தமிழ்த் திருச்சபையில் இம்முயற்சிக்கு முன்னோடி தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). சுவார்ட்சு ஐயரிடம் பயின்ற இவர், தாமும் ஆசிரியப் பணி ஆற்றியவர். கும்மி, ஏற்றப்பாட்டு, நொண்டி நாடகம் என அந்நாளில் மக்கள் விரும்பிக் கேட்ட வடிவங்களிலெல்லாம் நற்செய்தியைப் பாடினார். 1800 ஆம் ஆண்டைச் சேர்ந்த பெத்லகேம் குறவஞ்சியில், குற்றாலக் குறவஞ்சி வழியாக மக்கள் நன்கறிந்த குறத்தியும் சிங்கனும் வருகின்றனர். ஆனால் குறி சொல்ல வருபவள் விசுவாசம் என்னும் குறவஞ்சி. கதிரவனைப் பூமி சுற்றிவருகிறது என்ற புதிய வானியலையும், உலக நிலப்பரப்புகளைப் பற்றிய அறிவையும் அவர் அந்நூலில் புகுத்தினார். மேலைநாட்டுப் பாடப்புத்தகத்தில் இருந்த அறிவு, ஆடவும் பாடவும் தக்க வடிவில் தமிழரிடம் வந்து சேர்ந்தது. வெகுசனக் கலையைக் கல்விக்குப் பயன்படுத்துவது நேற்று வந்த புதுமையன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எனினும் இவ்வரலாற்றின் மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. மக்களின் வடிவங்களை இவ்வளவு அன்போடு கையாண்ட அதே சாஸ்திரியார், திருச்சபையில் சாதி வேறுபாட்டை ஒழிக்க அருட்பணியாளர் முயன்றபோது அதை வன்மையாக எதிர்த்து 1829 இல் நூலே எழுதினார். கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் 1833 இல் சாதி வேறுபாடுகளை அறவே விட்டொழிக்கக் கட்டளையிட்டபோது, தஞ்சைச் சபையில் எழுந்த எதிர்ப்பும் பிளவும் நாம் அறிந்தவை. ஆகவே, மக்கள் கலையின் வடிவத்தை எடுத்துக்கொள்வது மட்டும் மக்களை விடுவித்துவிடாது. பாட்டு குறத்தியின் வாயில் இருக்கலாம். ஆனால் மெய்யான குறத்தி ஆலயத்தில் எங்கே அமர்ந்தாள் என்ற வினா எஞ்சி நிற்கிறது.

3. அரசரடியின் பாடம்

அவ்வினாவைத் துணிந்து எழுப்பியவர் மறைத்திரு ஜே. தியாப்பிலஸ் அப்பாவு (1940–2005). 1969 இல் நிறுவப்பட்டு மதுரை அரசரடியில் இயங்கிவரும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இவர் ஆசிரியராகப் பணியாற்றினார். மாணவரும் சபையாரும் இவரைப் 'பரட்டை அண்ணன்' என்றே அழைத்தனர். கருநாடக இசையில் அமைந்த கீர்த்தனைகளும் மேனாட்டு ஞானப்பாட்டுகளுமே வழிபாட்டுக்கு ஏற்றவை, சிற்றூர் இசை தாழ்ந்தது என்ற எண்ணம் திருச்சபையில் வேரூன்றி இருந்தது. இசையைத் தரம் பிரிக்கும் அவ்வெண்ணத்துக்குள் மனிதரைத் தரம் பிரிக்கும் எண்ணம் ஒளிந்திருப்பதை அவர் வெளிப்படுத்தினார்.

எனவே நாட்டுப்புற மெட்டுகளிலும், வீட்டிலும் வயலிலும் புழங்கும் பேச்சுத் தமிழிலும் பாடல்களை இயற்றினார். முழு வழிபாட்டு முறைமையையே கிராமிய இசையில் அமைத்தார். ஆண்டவர் கற்பித்த செபத்தில் கடவுளை அவர் 'பெத்தவரே' என விளித்ததைக் கருதுக. தாய், தந்தை இருவரையும் ஒருங்கே குறிக்கும் அச்சொல்லில் ஓர் இறையியல் பாடமே அடங்கியுள்ளது. மேலும், ஒரே உலையில் பொங்கி அனைவரும் பகிர்ந்துண்பது என்னும் கருத்தைத் திருவிருந்தின் பொருளை விளக்கும் திறவுகோலாக அவர் கொண்டார். யாரோடு உண்பது, யார் கையால் உண்பது என்பதிலேயே சாதி உயிர்வாழ்கிறது என்பதை அறிந்த நம் மக்களுக்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுமோ?

அவருடைய பாடல்கள் ஒலிநாடாக்கள் வாயிலாகவும், வகுப்பில் கற்று வெளியேறிய மாணவர் வாயிலாகவும் சிற்றூர்ச் சபைகளுக்குப் பரவின. அங்கே மக்கள் அவற்றைத் தம் விருப்பம் போல் மாற்றியும் பாடினர். அம்மாற்றத்தை அவர் குறையாகக் கருதவில்லை. பாடுவோரே படைப்போராகவும் இருப்பதே நாட்டுப்புற இசையின் உயிர் என்றார். இவரது பணியை ஆராய்ந்த அமெரிக்க இசையியலார் சோயி ஷெரினியன், 2014 இல் அதனை ஒரு தனி நூலாகவே வெளியிட்டுள்ளார்.

4. திரையும் மாணவரும்

மதுரை திரைப்படத்தோடு நெருங்கிய உறவு கொண்ட நகரம். திரைப்படம் வருமுன்னே நாடகம் இங்குச் செழித்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918 இல் மதுரையில் தொடங்கிய பாலசபையில் பயின்றோர் பலர் பின்னாளில் மேடையிலும் திரையிலும் புகழ்பெற்றனர். 1980களின் நடுவில் சாரா டிக்கி என்னும் அமெரிக்க மானிடவியலார் இந்நகரத்து ஏழை மக்களிடையே தங்கி, அவர்கள் திரைப்படத்தை எவ்வாறு காண்கின்றனர் என ஆராய்ந்து, 1993 இல் நூலாக்கினார். திரையில் காண்பது மெய்யன்று என்பதை அம்மக்கள் நன்கறிவர் என்பதும், ஏழைக்கும் செல்வனுக்கும் இடையே அவர்கள் அன்றாடம் படும் துன்பமே அக்கதைகளின் கருவாக அமைகிறது என்பதும் அவ்வாய்வால் விளங்குகின்றன. பார்ப்போரைப் பேதையர் என எண்ணி மேடையிலிருந்து கண்டிக்கும் நாம் இதைச் சிந்திக்க வேண்டும். இன்று பெருங்கூட்டமாக அமர்ந்து பார்ப்பது குறைந்து, ஒவ்வொருவரும் தனித்தனிக் கைப்பேசியில் பார்க்கின்றனர். அதனால், பார்த்ததைக் கூடிப் பேசும் வாய்ப்பும் குறைந்தது. அவ்வாய்ப்பை வகுப்பறை தரலாம்.

நான் கையாண்டு பயன் கண்ட முறையைக் கூறுகிறேன். முதலாவது, பத்து நிமிடங்களுக்கு மேற்படாத ஒரு பகுதியை மட்டும் காட்டுதல் வேண்டும். முழுப் படமும் ஓடினால் பாடவேளை பொழுதுபோக்காகிவிடும். இரண்டாவது, தீர்ப்புச் சொல்லுமுன் கண்டதைக் கண்டவாறே கூறச் செய்தல் வேண்டும். திருமறைப் பகுதியை விளக்குமுன் அதனை ஊன்றி வாசிக்கும் பழக்கத்திற்கு இதுவே பயிற்சி. மூன்றாவது, யார் பேசுகின்றனர், யார் பேசாதிருக்கின்றனர், யாருடைய துன்பம் நகைப்புக்கு இடமாகிறது என வினவுதல் வேண்டும். நான்காவது, அதே வினாக்களோடு ஒரு திருமறைப் பகுதியை அணுகுதல் வேண்டும். ஐந்தாவது, நான் போகும் சபையில் இது எங்கே நிகழ்கிறது என்று ஒவ்வொருவரும் எழுதுதல் வேண்டும். இந்த ஐந்தாம் படி இல்லையேல் முன்னைய நான்கும் வீண்.

மாரி செல்வராஜ் இயக்கி 2018 இல் வெளிவந்த 'பரியேறும் பெருமாள்' படத்தின் இறுதிக் காட்சியை ஒருமுறை இவ்வாறு பயன்படுத்தினேன். இரண்டு தேநீர்க் குவளைகளும் அவற்றிடையே ஒரு பூவும் அக்காட்சியில் நிற்கின்றன. இரட்டைக் குவளை முறையை அறிந்த நாட்டில் அப்படத்திற்கு விளக்கவுரை தேவையில்லை. பின்னர் 1 கொரிந்தியர் 11 ஆம் அதிகாரத்தை வாசித்தோம். ஒருவர் பசியாயிருக்க மற்றொருவர் வெறித்திருந்த கொரிந்துச் சபையின் பந்தி, அதுவரை மாணவருக்குப் பழங்கதையாக இருந்தது. அன்று அது அவரவர் ஊராயிற்று.

5. ஒரு மாணவரும் நானும்

அதே படத்தின் மற்றொரு பகுதியில், கூத்தில் பெண் வேடமிட்டு ஆடும் தந்தையை மகனின் கல்லூரியில் சிலர் இழிவுபடுத்துகின்றனர். அதைக் காட்டிய நாளில் ஒரு மாணவர் வகுப்பு முடியும்வரை தலை நிமிரவில்லை. மாலையில் என் அறைக்கு வந்து, "ஐயா, எங்கப்பா பறையடிக்கிறவரு. சேர்க்கைப் படிவத்துல கூலி வேலைன்னுதான் எழுதினேன். இத வகுப்புல சொல்லிராதீங்க" என்றார். நான் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின், இன்று போதகராக இருக்கும் அவருடைய இசைவைப் பெற்றே இதை எழுதுகிறேன்.

அவர் போன பின் என் பழைய தவறு நினைவுக்கு வந்தது. அருட்பொழிவு பெற்ற புதிதில் மதுரைக்கு மேற்கே ஒரு சிற்றூர்ச் சபையில் ஊழியம் செய்தேன். கிறிஸ்து பிறப்புப் பவனிக்குப் பறை வேண்டாம், வாடகைக்கு வாத்தியக் குழு வைத்துக்கொள்ளலாம் என்று நானே முடிவு செய்தேன். சபையின் முதியவர் ஒருவர், "எங்க அடி சாவுக்கு மட்டுந்தான் ஆகுமா ஐயா? பிறப்புக்கு ஆகாதா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல், ஒழுங்கு, பக்தி என ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்த ஆண்டு பவனி நடந்தது, முதியவர் வரவில்லை. என் மாணவரைத் தன் தந்தையின் தொழிலை மறைக்கச் செய்தவர்களுள் நானும் ஒருவன் அல்லவா?

6. சில எச்சரிக்கைகள்

மக்கள் கலையைத் தூண்டிலிரையாகப் பயன்படுத்தலாகாது. மாணவர் உறங்காதிருக்க ஒரு திரைப்பாட்டு, பின்னர் 'மெய்யான' பாடம் என்று நடத்தினால், அவர்கள் உலகத்தை நாம் மதிக்கவில்லை என்பதை அவர்கள் எளிதில் உணர்ந்துகொள்வர்.

மக்கள் விரும்புவது யாவும் மக்களை விடுவிப்பது என்று எண்ணலாகாது. நம் பகுதியைக் களமாகக் கொண்ட திரைப்படங்களுள் சாதிப் பெருமையை ஊட்டியவை உண்டு. பெண்ணை இழிவுபடுத்திச் சிரிக்க வைத்தவை ஏராளம். நாட்டுப்புறப் பாட்டுகளும் இதற்கு விலக்கல்ல. தஞ்சையின் பாடத்தை மறவாதிருப்போமாக.

மாணவரின் காயத்தை வகுப்புக்குக் காட்சிப் பொருளாக்கலாகாது. இத்தகைய பாடம் புண்ணைத் திறக்கும் ஆற்றலுடையது. பேச விரும்பாதவர் பேசாதிருக்க உரிமையுண்டு. எழுதியதை ஆசிரியர் மட்டுமே வாசித்தல் நலம். மருந்திடும் மனமில்லாதவர் புண்ணைத் திறத்தல் கூடாது.

இறுதியாக, எசேக்கியேல் தீர்க்கரிசிக்கு நேர்ந்ததை நினைவில் வைப்போம். இனிய குரலில் பாடும் பாடகனைப் போல மக்கள் அவரைக் கேட்டு மகிழ்ந்தனர். கேட்டதைச் செய்யவில்லை (எசேக்கியேல் 33). வகுப்பு சுவையாக இருந்தது என்ற பாராட்டு ஆசிரியருக்கு வரும் சோதனைகளுள் ஒன்று.

முடிவுரை

ஆயர்களே, இறையியல் மாணவர்களே! பறையும் திரையும் திருமறைக்கு ஈடாகா. அவ்வாறு எவரும் கூறவுமில்லை. ஆயினும் திருமறையின் வினாக்களை நம் மக்கள் எந்த மொழியில் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கின்றனரோ, அந்த மொழியைக் கல்லாத போதகர் அவர்களுக்கு விடை கூற இயலாது. அடுத்த கிறிஸ்து பிறப்புப் பவனிக்குத் திட்டமிடும்போது, சபையில் பறையடிக்கத் தெரிந்தவர் யார் எனக் கேட்டுப் பாருங்கள். கேட்டவுடன் ஒருவரும் கை உயர்த்தாமல் இருக்கலாம். ஏன் உயர்த்தவில்லை என்று சிந்திப்பதிலிருந்தே நம் பாடம் தொடங்கட்டும்.