வானத்துல ஒரு கல்லணை!

ஐப்பசி அடைமழை. கிரிக்கெட்ல கடைசி ஓவர். டி.வி. அப்படியே உறைஞ்சு, 'சிக்னல் இல்லை'ன்னு கையை விரிக்குது. தஞ்சாவூர்ப் பக்கம் மொட்டை மாடியில டிஷ் வச்சிருக்கிற உங்களுக்கு இது புதுசில்லை. அந்தக் கடுப்பை ஞாபகம் வச்சுக்குங்க பாஸ், பின்னாடி தேவைப்படும்!

2014 ஜூன்ல ஸ்ரீஹரிகோட்டா வந்த பிரதமர் மோடி, 'சார்க் நாடுகளுக்காக ஒரு செயற்கைக்கோள் செய்யுங்க'ன்னு இஸ்ரோகிட்ட கேட்டார். 2017 மே 5-ம் தேதி ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்ல ஏறிப் போச்சு ஜிசாட்-9. எடை 2,230 கிலோ. செலவு முழுக்க நம்மளோடது. நேபாளம், பூடான், வங்கதேசம், இலங்கை, மாலத்தீவு, ஆப்கானிஸ்தானுக்கு அது பரிசு. 'கூட்டாச் செய்யலைன்னா நாங்க வரலை'ன்னு பாகிஸ்தான் விலக, 'சார்க்' பேர் போய் 'தெற்காசிய செயற்கைக்கோள்' ஆச்சு.

உள்ளே 12 டிரான்ஸ்பாண்டர். டெல்டா பாஷையில, 12 மதகு! கீழேயிருந்து வர்ற சிக்னலை வாங்கி, அலைவரிசையை மாத்தி, பலம் ஏத்தி, திரும்பவும் தரைக்கே திறந்துவிடும். நாட்டுக்குக் குறைஞ்சது ஒரு மதகுன்னு ஏற்பாடு. டி.வி., டெலிமெடிசின், தொலைதூரக் கல்வி எல்லாத்துக்கும் ஆகும். நம்ம திருவையாறுக்கே இது பழகின சங்கதி. இஸ்ரோவும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து 2004-லயே அங்கே செயற்கைக்கோள் தொடர்போட கிராம வள மையம் ஆரம்பிச்சாச்சு.

ஆனா, பெரிய வேலை பேரிடர் நேரத்துலதான். 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்போ பட்டுக்கோட்டை, பேராவூரணி தென்னந்தோப்பெல்லாம் சாய்ஞ்சு, கரன்ட் போய், செல்போனும் செத்துப்போச்சே! தரையில டவர் படுத்துட்டா, வானம்தானே வழி?

இப்போ அந்தக் கடுப்புக்கு வாங்க. ஜிசாட்-9-ல இருக்கிற 12-மே கேயூ பேண்ட். உங்க வீட்டு டிஷ்ஷுக்கு வர்ற அதே ரகம். அலைநீளம் ரெண்டு, மூணு சென்டிமீட்டர்தான். கனமழைத் துளிகள் அதை உறிஞ்சிச் சிதறடிச்சிடும். புயலுக்குன்னு வச்ச லைன், புயல் மழையிலேயே திணறலாம்! பெரிய டிஷ், கூடுதல் பவர், டேட்டா வேகத்தைக் குறைக்கிறதுன்னு சமாளிக்க வழியிருக்கு. அதையெல்லாம் முன்கூட்டியே ரெடி பண்ணணும். புயல் கரையைக் கடக்குறப்போ டிஷ் தேடி ஓட முடியாது.

இன்னொரு குறை, பரிசுங்கிறதுலயே இருக்கு. மதகு கிடைச்சவங்களுக்கு அணை கட்டுற வேலை கிடைக்கலையே! வங்கதேசம் 2018 மே மாசமே பிரான்ஸ் கம்பெனிகிட்ட செஞ்சு வாங்கின 'பங்கபந்து-1'-ஐ தனியா அனுப்பிடுச்சு.

பூடான் கதைதான் எனக்குப் பிடிச்சது. 2019 ஆகஸ்ட்ல திம்புவுல தரை நிலையம் திறந்தாங்க. அப்புறம் அந்த ஊர் இன்ஜினீயர்கள் பெங்களூரு வந்து இஸ்ரோவுல பயிற்சி எடுத்தாங்க. 2022 நவம்பர் 26-ம் தேதி பி.எஸ்.எல்.வி.-யில போச்சு, ரெண்டு நாடும் சேர்ந்து செஞ்ச குட்டி சாட்டிலைட். அதுல ஹாம் ரேடியோ சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்புற கருவி, பூடான் இன்ஜினீயர்களும் இஸ்ரோவும் சேர்ந்து செஞ்ச கைவேலை!