தாயின் குருதியில் சேயின் நலம்

சிறுவாச்சூரிலோ அதன் சுற்றுப்புறச் சிற்றூர்களிலோ கருவுற்ற பெண் ஒருத்தி முதன்முறையாக மருத்துவச் சோதனைக்குச் செல்கிறாள். அவளிடமிருந்து சிறிது இரத்தம் எடுக்கப்படுகிறது. இரத்தசோகை உண்டா என்று பார்ப்பதற்காகத்தான் என அவள் எண்ணலாம். ஆனால் அதே இரத்தத்தில் பால்வினை நோய்களும் உள்ளனவா என்று ஆராய்கின்றனர். நலமாயிருப்பவளுக்கு இச்சோதனை எதற்கு?

காரணம் இதுதான்: இந்நோய்கள் வெளியே தெரிவதில்லை. மேகப்புண் எனப்படும் சிபிலிஸ் நோயை எடுத்துக்கொள்வோம். திருகுபோல் சுருண்ட இதன் கிருமியை ஷாடின், ஹோஃப்மன் ஆகியோர் 1905-இல் கண்டுபிடித்தனர். முதலில் தோன்றும் புண் வலிப்பதில்லை; தானாகவே ஆறிவிடும். கிருமியோ உடலில் பல ஆண்டுகள் தங்கிவிடும். அது நச்சுக்கொடி வழியே கருவை அடைந்தால் குழந்தை இறந்து பிறக்கலாம். பிழைத்தாலும் எலும்பு, கண், செவி ஆகியவை பழுதுபடலாம்.

ஒளிந்திருக்கும் நோயைக் காட்டிக்கொடுப்பது வி.டி.ஆர்.எல். சோதனை. கார்டியோலிப்பின் என்ற கொழுப்புப் பொருள் கலந்த கரைசலில் ஒரு சொட்டை, கண்ணாடித் தகட்டிலுள்ள இரத்தநீருடன் சேர்த்து நான்கு நிமிடம் சுழற்றுவர். நோய்க்கு எதிராக உடலில் உண்டாகும் எதிர்ப்பொருள் அதில் இருந்தால், நுண்துகள்கள் திரண்டு கட்டிகளாவது நுண்ணோக்கியில் தெரியும். மலேரியா, தொழுநோய் போன்றவற்றிலும், சிலபோது கருவுற்ற நிலையிலேயேகூட, இவ்வாறு திரளக்கூடும். ஆகவே, வேறொரு சோதனையாலும் உறுதி செய்வது அவசியம்.

நோய் தொடக்க நிலையில் இருந்தால் 24 இலட்சம் அலகு பென்சாத்தின் பெனிசிலின் ஊசி ஒருமுறை போதும்; நாட்பட்டதாயின் வாரம் ஒருமுறையாக மூன்று ஊசிகள். பேறுகாலத்துக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன்பே சிகிச்சை தொடங்கவேண்டும். கணவனுக்கும் சோதனையும் சிகிச்சையும் தேவை. இல்லையேல் நோய் மீண்டும் தாயைத் தொற்றும்.

எச்.ஐ.வி.யும் இவ்வாறே மறைந்திருப்பது. இந்தியாவில் அது முதன்முதலாக 1986-இல் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் குழுவினரால் கண்டறியப்பட்டது. மருந்தில்லாவிடில், தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகள் 100 பேரில் 15 முதல் 45 பேர்வரை அதைப் பெறுவர். உரிய காலத்தில் மருந்து தந்தால் 5 பேருக்கும் குறைவே. தாயின் ஒப்புதலுடனேயே இச்சோதனை செய்யப்படவேண்டும்; முடிவை மறைவாக வைக்கவேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டம்.

தாயிடமிருந்து சேய்க்கு இவ்விரு நோய்களும் பரவுவதை ஒழித்த நாடாக நம் அண்டைநாடான இலங்கையை 2019-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அங்கு முடிந்தது இங்கும் முடியும்.

இச்சோதனை எவருடைய ஒழுக்கத்தையும் அளப்பதன்று. எல்லாத் தாய்மார்க்கும் பொதுவானது. வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாமல், கருவுற்ற முதல் மூன்று மாதங்களுக்குள் செய்துகொண்டால், பிறக்கும் குழந்தையை ஒரு பெருந்துன்பத்திலிருந்து காக்கலாம்.