பழைய மோட்டார் சைக்கிள்: திருட்டு வண்டியா என்று அறிவது எப்படி?

கறவை மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் உழவர் எவரும் மாட்டின் நிறத்தைப் பார்த்துப் பணம் கொடுப்பதில்லை. பல்லைப் பிடித்து வயதைக் கணிக்கிறார். மடியைத் தடவிப் பார்க்கிறார். இரண்டு வேளை கறந்து பார்த்த பின்னரே விலை பேசுகிறார். மாடு யாருடையது, எந்த ஊர், ஏன் விற்கிறார்கள் என்றும் விசாரிக்கிறார். அதே உழவர் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கும்போது மட்டும், வண்டியைக் கிளப்பி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்.

பால் கேனைச் சங்கத்தில் சேர்க்கவும், காய்கறி மூட்டையை உழவர் சந்தைக்குக் கொண்டு செல்லவும், வயலுக்கு உரம் எடுத்துப் போகவும் மோட்டார் சைக்கிள் இன்று இன்றியமையாததாகிவிட்டது. புது வண்டி வாங்க வசதியில்லாதவர்கள் பழைய வண்டியை நாடுகின்றனர். அறுவடை முடிந்து கையில் பணம் புழங்கும் நேரத்தில் தரகர் ஒருவர் வந்து, "அண்ணே, ஆர்.சி. புக்கு வீட்டுல இருக்கு, ரெண்டு நாள்ல கொண்டாந்து தர்றேன். இந்த விலைக்கு வேற எங்கயும் கிடைக்காது" என்பார். அந்த இரண்டு நாள் வராமலே போவதுண்டு.

இழப்பு யாருக்கு?

தனக்கு உரிமையில்லாத பொருளை விற்பவர், வாங்குபவருக்கு அப்பொருளின் உரிமையைத் தர முடியாது என்பது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் அடிப்படை விதி. எனவே திருட்டு வண்டியை முழுப்பணம் கொடுத்து, நல்லெண்ணத்துடன் வாங்கியிருந்தாலும் அது வாங்கியவருக்குச் சொந்தமாகாது. காவல்துறை வண்டியைக் கைப்பற்றும். நீதிமன்றத்தின் வழியே அது உண்மையான உரிமையாளரைச் சேரும். கொடுத்த பணத்திற்கு விற்றவரைத்தான் தேட வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தோ நேர்மையற்ற முறையில் வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். புத்தகம் இல்லாமல் பாதி விலைக்கு வாங்கியவர், தமக்குச் சந்தேகமே எழவில்லை என்று சொன்னால் அதை நம்ப வைப்பது கடினம்.

நம்பர் பிளேட்டை நம்பலாகாது

நம்பர் பிளேட் என்பது வண்டி போட்டிருக்கும் சட்டை போன்றது. கழற்றி வேறொன்றை மாட்டிவிடலாம். திருடிய வண்டிக்கு, அதே கம்பெனியின் அதே நிறமுள்ள வேறொரு வண்டியின் எண்ணை எழுதி விற்பதும் உண்டு. 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புப் பதிவுத் தகடு உண்டு. அதில் அசோகச் சக்கர முத்திரையும், லேசர் முறையில் பொறித்த தொடர் எண்ணும் இருக்கும். திரும்பக் கழற்றிப் பயன்படுத்த முடியாத பூட்டால் அது பொருத்தப்பட்டிருக்கும். அத்தகைய வண்டியில் சாதாரணத் தகடு திருகாணியால் மாட்டப்பட்டிருந்தால் காரணம் கேட்க வேண்டும்.

மாட்டிற்குக் காது வில்லையில் 12 இலக்க எண் இருப்பது போல, வண்டியின் உடலிலேயே இரண்டு எண்கள் உண்டு. ஒன்று சேசிஸ் எண். பெரும்பாலும் ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துப் பகுதியில் சட்டத்தின் மீது பொறிக்கப்பட்டிருக்கும். மற்றொன்று எஞ்சினின் உலோக உறை மீது பொறித்த எஞ்சின் எண். இந்த எண்கள் மூன்று இடங்களில் ஒத்துப் போக வேண்டும்: வண்டியின் இரும்பில், ஆர்.சி. புத்தகத்தில், அரசின் பதிவேட்டில். ஓர் எழுத்து மாறினாலும் வாங்கக் கூடாது.

எண்களைப் பார்க்கும் முறை

பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் எண் உள்ள இடத்தைத் துடைத்து, மெல்லிய தாளை அதன் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் தாளில் பதியும். எழுத்துகள் ஒரே அளவில், ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். அரம் போட்ட தடம், அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட், பற்றவைத்த தகடு, சாய்ந்த எழுத்து ஆகியவை சந்தேகத்திற்கு உரியவை. 3ஐ 8 ஆகவும், 1ஐ 4 ஆகவும், எஃப் எழுத்தை ஈ ஆகவும் மாற்றுவது எளிது என்பதால் அவற்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். இக்கால வண்டிகளின் சேசிஸ் எண்ணில் 17 எழுத்துகளும் இலக்கங்களும் இருக்கும். ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் அதில் வருவதில்லை. வந்தால் எண் போலியானது.

பதிவேட்டில் சரிபார்த்தல்

மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் 'பரிவாகன்' இணையதளத்திலோ, 'எம் பரிவாகன்' செயலியிலோ வண்டியின் பதிவு எண்ணைக் கொடுத்தால், அது எந்த மாதிரி வண்டி, எப்போது எந்த அலுவலகத்தில் பதிவானது, காப்பீடு எந்த நாள் வரை உள்ளது என்பன தெரியும். செல்போன் பழக்கமில்லாதவர்கள் படித்த பிள்ளைகளின் உதவியைப் பெறலாம்.

அடுத்து, தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2020 ஜனவரி முதல் பொதுமக்களுக்கு அளித்துவரும் சேவை உள்ளது. 'டிஜிட்டல் போலீஸ்' இணையதளத்தில் பதிவு எண், சேசிஸ் எண், எஞ்சின் எண் ஆகியவற்றைக் கொடுத்தால், அந்த வண்டி மீது காவல்துறைப் பதிவு ஏதும் உள்ளதா என்று தெரிந்துகொண்டு சான்றும் பெறலாம். புத்தகத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, வண்டியிலிருந்து பென்சிலால் எடுத்த எண்ணையே கொடுக்க வேண்டும்.

ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. வழக்குப் பதிவாகி விவரம் கணினியில் ஏறிய பிறகே திருட்டு தெரியவரும். நேற்றிரவு காணாமற்போன வண்டி இன்று காலை அப்பட்டியலில் இராது. ஆகவே பார்த்த அன்றே பணம் கொடுக்காமல் ஒரு வாரம் பொறுத்து மீண்டும் சரிபார்ப்பது நல்லது. நேர்மையாக விற்பவர் ஒரு வாரம் காத்திருப்பார்.

விற்பவரை நேரில் காண்க

புத்தகத்தில் பெயர் உள்ளவரை அவர் வீட்டிலேயே சந்திக்க வேண்டும். அடையாள அட்டையில் உள்ள பெயரும் முகவரியும் ஒத்திருக்க வேண்டும். இரண்டாவது சாவியையும், பழைய காப்பீட்டுத் தாள்களையும் கேட்க வேண்டும். அக்கம்பக்கத்தாரிடம் விசாரித்தால் அவர் அந்த வண்டியை எத்தனை காலம் ஓட்டினார் என்பது தெரிந்துவிடும். கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் படிவங்களைத் தரகர் நீட்டினால் ஏற்கக் கூடாது. உரிமையாளர் இறந்திருந்தால், வாரிசு முதலில் படிவம் 31 மூலம் தம் பெயருக்கு மாற்றிக்கொண்ட பின்னரே வாங்க வேண்டும். வண்டி கடனில் இருந்தால், கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் படிவம் 35ம் தேவை. வெளிமாநில வண்டிக்குப் படிவம் 28இல் தடையின்மைச் சான்று பெற வேண்டும்.

பெயர் மாற்றம்

பணத்தை வங்கி வழியே செலுத்தி, நாளும் நேரமும் குறித்த ரசீது பெற வேண்டும். விற்பவர் படிவம் 29இல் 14 நாட்களுக்குள்ளும், வாங்குபவர் படிவம் 30இல் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். பெயர் மாற்றாமல் விட்டால் விற்றவருக்கும் ஆபத்து. விபத்து நடந்தால் பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளராகப் பொறுப்பேற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்துள்ளது. காப்பீட்டையும் 14 நாட்களுக்குள் மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்க வேண்டும்.

வண்டி மீது சந்தேகம் எழுந்தால் விற்பவருடன் வாக்குவாதம் செய்யாமல், முன்பணமும் கொடுக்காமல் விலகி, பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு காவல் நிலையத்திற்கோ 112 என்ற எண்ணுக்கோ தெரிவிக்கலாம். பறிகொடுத்தவரும் பெரும்பாலும் இவர்களைப் போன்ற ஓர் உழவராகவோ பால்காரராகவோ இருப்பார்.

பழைய டிராக்டருக்கும் இதே முறைதான். டிரெய்லருக்குத் தனிப் பதிவு உண்டு என்பதால் அதன் புத்தகத்தையும் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரு தாள், ஒரு பென்சில், ஒரு வாரப் பொறுமை ஆகியவற்றைச் செலவிட்டால், ஒரு போகத்து வருமானம் கையைவிட்டுப் போகாமல் காத்துக்கொள்ளலாம்.