தசை மறவாத பயிற்சி

உடற்பயிற்சி தசைக்கு வலுவூட்டும் என்பதை யாவரும் அறிவர். பயிற்சியை நிறுத்திவிட்டால் அவ்வலு சில மாதங்களில் கரைந்துவிடும் என்பதும் பலர் பட்டறிந்ததே. அவ்வாறு கரைந்த பின்னர், பயின்றதன் சுவடு எதுவும் தசைக்குள் எஞ்சுமா? இவ்வினாவுக்கு விடை தேடுவோரை உயிரணுவின் உட்கருவரை அழைத்துச் செல்லும் துறை புறமரபியல் ஆகும்.

விழித்திரையிலும் தொடைத் தசையிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. தான். ஆயினும், ஒன்று ஒளியை உணர்கிறது. மற்றொன்று சுருங்கி விரிந்து உடலைச் சுமக்கிறது. எந்த மரபணு செயற்பட வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்பது திசுவுக்குத் திசு வேறுபடுவதே இதற்குக் காரணம். மரபணுவின் எழுத்துவரிசையை மாற்றாமல் அதன் செயற்பாட்டை மட்டும் மாற்றும் ஏற்பாடுகளையே புறமரபியல் ஆராய்கிறது.

தமிழ் நெடுங்கணக்கை அறிந்தவர்க்கு இதை விளக்குதல் எளிது. 'க' என்னும் எழுத்தின்மேல் ஒரு புள்ளி வைத்தால் அது 'க்' ஆகிறது. எழுத்தின் வடிவம் அழியவில்லை. ஒலி மட்டுமே அடங்குகிறது. புள்ளியை நீக்கினால் பழைய ஒலி மீள்கிறது. டி.என்.ஏ.விலும் இத்தகைய புள்ளிகள் உண்டு. ஒரு கரியணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த மெத்தில் தொகுதி, சைட்டோசின் என்னும் மூலத்தின்மேல், பெரும்பாலும் அதனை அடுத்துக் குவானின் வரும் இடங்களில் சென்று ஒட்டுகிறது. மரபணுவின் தொடக்கப் பகுதியில் இப்புள்ளிகள் மிகுந்தால் அம்மரபணு பொதுவாக அடங்குகிறது. குறைந்தால் செயற்படத் தொடங்குகிறது. உவமை இவ்வளவு தொலைவே நம்முடன் வரும். பிற பகுதிகளில் விழும் புள்ளி எப்போதும் அடக்கும் என்று சொல்வதற்கில்லை.

பயிற்சி இப்புள்ளிகளை மாற்றுகிறதா என்று அறிவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பயிற்சி செய்வோரையும் செய்யாதோரையும் ஒப்பிட்டால், அவர்தம் உணவும் உறக்கமும் பிறப்புவழி மரபணுக்களும் வேறுபடும். கண்ட மாற்றம் எதனால் விளைந்தது என்று எவ்வாறு துணிவது? சுவீடன் நாட்டின் கரோலின்ஸ்கா ஆய்வு நிறுவனத்தார் இச்சிக்கலை எளிமையாக அவிழ்த்தனர். இளம் ஆண்களும் பெண்களுமாக 23 பேரை ஒரே ஒரு காலால் மட்டும் பயிற்சி செய்யச் சொன்னார்கள்! வாரத்துக்கு நான்கு முறை, முறைக்கு 45 நிமிடம் என மூன்று மாதங்கள் ஒரு காலின் முழங்காலை மடக்கி நீட்டும் பயிற்சி நடைபெற்றது. மற்றொரு கால் வாளாவிருந்தது. உண்ட உணவு, உறங்கிய உறக்கம், பிறவி மரபணு ஆகிய அனைத்தும் இரு கால்களுக்கும் பொது. பயிற்சி ஒன்றே வேறுபாடு. முன்னும் பின்னும் இரு தொடைகளிலிருந்தும் சிறு தசைத் துணுக்குகள் எடுத்து ஆராயப்பட்டன.

2014இல் வெளியான முடிவின்படி, பயிற்சி பெற்ற காலில் ஏறத்தாழ 4,900 இடங்களில் மெத்தில் புள்ளிகளின் அளவு மாறியிருந்தது. தசைக் கட்டமைப்பு, குளுக்கோஸ் பயன்பாடு ஆகியவற்றோடு தொடர்புடைய இடங்களில் புள்ளிகள் கூடியிருந்தன. அழற்சியோடு தொடர்புடையவற்றில் குறைந்திருந்தன. இம்மாற்றங்களுள் பல, மரபணுக்களின் வேகத்தைத் தொலைவிலிருந்து முடுக்கும் பகுதிகளில் அமைந்திருந்தமை குறிப்பிடத்தக்கது.

இம்மாற்றம் நிலைக்குமா? அதே குழுவினர் பயிற்சியை ஒன்பது மாதங்கள் நிறுத்திய பின் ஆராய்ந்தபோது, முன்பு பயின்ற காலின் மரபணுச் செயற்பாட்டில் தெளிவான நினைவுச் சுவடு எதுவும் தென்படவில்லை. ஏமாற்றமளிக்கும் முடிவு எனினும், அதை அவர்கள் 2016இல் அவ்வாறே வெளியிட்டனர்.

பளு தூக்கும் பயிற்சியில் கதை வேறாக அமைந்தது. இங்கிலாந்தில் எட்டு ஆடவர் ஏழு வாரம் பயின்று, ஏழு வாரம் ஓய்ந்து, மீண்டும் ஏழு வாரம் பயின்றனர். 8,50,000க்கும் மேற்பட்ட இடங்கள் சோதிக்கப்பட்டன. முதற் பயிற்சியின் பின் 9,153 இடங்களில் புள்ளிகள் குறைந்திருந்தன. மறு பயிற்சியின் பின் அத்தொகை 18,816 ஆக உயர்ந்தது. இடைப்பட்ட ஓய்வில் தசை பழைய அளவை நோக்கிச் சுருங்கியபோதும், சில மரபணுக்களில் நீங்கிய புள்ளிகள் திரும்பவில்லை. மறு பயிற்சியில் தசை முன்னிலும் மிகுதியாக வளர்ந்தது. 2018இல் வெளியான இவ்வாய்வு, தசைக்கும் ஒருவகை நினைவு உண்டு என்னும் கருத்துக்கு வலுச் சேர்த்தது.

எட்டுப் பேர் என்பது சிறிய தொகையே. ஏழு வாரமும் நெடுங்காலம் அன்று. ஆயினும் இவ்வினா ஆய்வுக்கூடத்தோடு நிற்பதில்லை. எலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுத்திருக்கும் நோயாளி, இளமையில் பயின்று முதுமையில் மீண்டும் தொடங்கும் ஒருவர் ஆகியோர்க்கு இதன் விடை நேரடியாகப் பயன்படும். விளையாட்டு உலகுக்கோ இது சங்கடமான வினா. ஊக்கமருந்து உட்கொண்டு தசை வளர்த்த ஒருவர் தண்டனைக் காலம் முடிந்து களத்துக்கு மீள்கிறார். மருந்து உடலைவிட்டு நீங்கிவிட்டது. மருந்தின் துணையால் வளர்ந்த தசையும் அவ்வளர்ச்சியை நினைவில் வைத்திருக்குமாயின், அவரோடு போட்டியிடுவோர்க்கு எத்தனை ஆண்டுத் தடை நீதி வழங்கும்?